ஸ்போர்ட்ஸ் காருக்குப் பெயர் எப்படி முடிவாகிறது?

கேள்வி: பெராரி 488, போர்ஷே 911, லம்போர்கினி உராக்கான் என்றெல்லாம் பெயர் வைப்பதற்கு ஏதாவது முறை இருக்கிறதா, இல்லை தோன்றியதை வைக்கிறார்களா? கோவையில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து இரண்டு இருக்கை கொண்ட டிராக் கார் ஒன்றைக் கட்டி வருகிறோம். பின்னால் நாலைந்து கார் செய்து விற்கும் எண்ணமும் உண்டு. அதற்குப் பெயரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பதில்:

முறை இருக்கிறது. யாருக்கோ ஒரு நல்ல பெயர் தோன்றியது, எல்லோருக்கும் பிடித்துப்போனது, காரில் ஒட்டிவிட்டார்கள் என்று நடப்பது அபூர்வம். பெரிய நிறுவனங்களில் நூற்றுக்கணக்கான பெயர்களை எழுதிவைத்து ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வருவார்கள். எங்கள் பழைய கார்களின் பெயர்களோடு இது சேருமா? சட்டப்படி எங்களுக்குச் சொந்தமாகுமா? விற்கப்போகும் நாடுகளில் காதில் விழும்போது வில்லங்கம் இல்லாமல் இருக்குமா? இந்த மூன்றையும் தாண்டி மிச்சமிருப்பதுதான் காரின் பின்புறத்துக்குப் போகிறது. பல சமயம் அது முதலில் எல்லோரும் ஆசைப்பட்ட பெயராக இருக்காது.

பெயர் பேச்சு தொடங்கும் முன்பே காருக்கு ஒரு திட்ட எண் விழுந்துவிடும். வரைபடம், பாகப் பட்டியல், சப்ளையருக்குப் போகும் ஆர்டர் எல்லாவற்றிலும் அந்த எண்தான். போர்ஷேயில் அந்த எண்ணே கடைக்கு வரும் பெயராகவும் ஆனது. 356 என்பது அவர்களுடைய திட்ட எண். அடுத்த காரின் எண் 901. 1963-இல் பிராங்க்பர்ட் கண்காட்சியில் அந்தப் பெயரோடுதான் காட்டினார்கள். 1964-இல் பிரான்சின் பெஜோ நிறுவனம், நடுவில் பூஜ்யம் வரும் மூன்று இலக்கப் பெயர்கள் தங்களுக்கு உரியவை என்று மறுப்புத் தெரிவித்தது. 1929-இன் பெஜோ 201 காலத்திலிருந்து அவர்கள் பெயரிடும் வழி அது. போர்ஷே நடு எண்ணை மாற்றி 911 ஆக்கிவிட்டது. அதற்குள் 901 என்ற பெயரில் 82 கார்கள் கட்டியாகிவிட்டது. பின்னாளில் பெராரி 308 என்று ஒரு கார் வந்ததே என்று கேட்பீர்கள். ஒரு பெயரில் உரிமை இருப்பது வேறு, அதைக் காட்டி யாரை எப்போது மறிப்பது என்பது வேறு. இரண்டாவது, நிறுவனம் எடுக்கும் முடிவு.

எண் வைத்தால் கணக்கு சொல்ல வேண்டும். அங்கேதான் பெராரி பலரைக் குழப்புகிறது, ஏனென்றால் அவர்கள் ஒரே கணக்கை வைத்துக்கொள்ளவில்லை. பழைய 250 என்பது ஒரு சிலிண்டரின் கொள்ளளவு: 2953 சிசி, 12 சிலிண்டர், வகுத்தால் 246, அதை 250 என்று முழுமையாக்கினார்கள். 275, 330, 365 எல்லாம் அதே கணக்கு. பிறகு டீனோ கார்களில் கணக்கு மாறியது: 246 என்றால் 2.4 லிட்டர், 6 சிலிண்டர். 308 என்றால் 3.0 லிட்டர், 8 சிலிண்டர். 458 என்றால் 4.5 லிட்டர், 8 சிலிண்டர். எஃப்355-இல் முதல் இரண்டு எண் 3.5 லிட்டர், கடைசி 5, சிலிண்டருக்கு ஐந்து வால்வு. எஃப்40 நிறுவனத்தின் 40-ஆம் ஆண்டுக்கு. 812 என்றால் 800 பிஎஸ் (மெட்ரிக் குதிரைத்திறன்), 12 சிலிண்டர். எஸ்எஃப்90, பெராரி பந்தய அணியின் 90-ஆம் ஆண்டுக்கு.

இதில் 488 கவனிக்க வேண்டிய இடம். 458-க்கு அடுத்த கார் டர்போவுக்கு மாறி, எஞ்சின் 3902 சிசிக்குச் சுருங்கியது. பழைய கணக்கில் போனால் 398 என்று வைக்க வேண்டும். 458-க்கு அடுத்து 398 என்றால், காசு கொடுப்பவருக்கு அது இறங்குமுகமாகத் தெரியும். ஆகவே 1960-களின் கணக்கைத் தூசி தட்டினார்கள்: 3902-ஐ 8-ஆல் வகுத்தால் 487.75. பெயர் 488 ஆனது. கொள்ளளவில் பெயர் வைக்கும் எவருக்கும் இந்தச் சங்கடம் ஒருநாள் வரும். எஞ்சின் சிறுத்து சக்தி கூடும் காலம் இது.

சக்தியை எண்ணாக வைப்பது மெக்லாரன் வழி. 570எஸ், 650எஸ், 720எஸ், 765எல்டி எல்லாம் பிஎஸ் கணக்கு. வாங்குபவருக்கு உடனே புரியும், விளம்பரத்துக்கும் எளிது. குறைகள் இரண்டு. ஒரு பிஎஸ் என்பது 0.986 பிரிட்டிஷ் குதிரைத்திறன். ஆக 720 பிஎஸ் அமெரிக்கப் பட்டியலில் 710 என்று வரும், பெயரும் பட்டியலும் ஒத்துப்போகாது. இன்னொன்று இதைவிட மோசம்: அடுத்த மாடலின் எண் வெளிவந்த அன்றே பழைய காரின் பின்புறம் தான் எவ்வளவு குறைவு என்று ஊருக்குச் சொல்லத் தொடங்கிவிடும். மறுவிற்பனையில் 911 வைத்திருப்பவருக்கு இந்தத் தொல்லை இல்லை. 1964-லிருந்து எல்லாமே 911. தலைமுறையை 964, 993, 992 என்று உள் எண்ணால் பிரித்துச் சொல்வது பிரியர்களின் வேலை. என்னைக் கேட்டால் எண் பெயர்களில் சிறந்தது எந்த அளவையும் குறிக்காத எண்தான்.

வேகத்தைப் பெயராக்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஜாகுவாரே இரண்டு பக்கமும் சாட்சி. 1948-இன் எக்ஸ்கே120 மணிக்கு 120 மைல் போகும் என்றார்கள். மறு ஆண்டே பெல்ஜியத்தின் யப்பெக்கே சாலையில் 132 மைல் ஓட்டிக் காட்டினார்கள். எக்ஸ்ஜே220 கதை வேறு. முதலில் காட்டியது 12 சிலிண்டர் வி12 எஞ்சின், விற்றது 6 சிலிண்டர் டர்போ வி6. புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு ஓட்டியும் 217 மைல்தான் வந்தது. காங்கேயம் கன்று பிறக்கும்போது செம்மண் நிறத்தில் இருக்கும். ஆறு மாதம் போனால் சாம்பல் ஏறிவிடும். பிறந்த அன்று நிறத்தைப் பார்த்துச் செவலை என்று பெயர் வைத்தால் கதை எப்படியோ, எஞ்சின் முடிவாகும் முன் எண்ணைப் பெயரில் ஏற்றுவதும் அப்படித்தான்.

காளை என்றால் லம்போர்கினியை விட முடியாது. நிறுவனர் பெருச்சோ மேற்கத்தியக் கணக்கில் ரிஷப ராசிக்காரர், அதனால் சின்னமே காளை. 1966-இல் வந்த மியூரா, ஸ்பெயினில் சண்டைக் காளை வளர்த்த குடும்பத்தின் பெயர். நம் பக்கம் காங்கேயம் மாட்டுக்குப் பழையகோட்டைப் பட்டக்காரர் எப்படியோ, அந்த நாட்டில் மியூரா அப்படி. 1968-இன் இஸ்லேரோ, 1947-இல் மனோலெட்டே என்ற புகழ்பெற்ற வீரரைக் குத்திக் கொன்ற காளை. அதுவும் மியூரா பண்ணையில் பிறந்தது. தியாப்லோ, முர்சியேலகோ, அவென்டடோர், உராக்கான் எல்லாம் களத்தில் இறங்கிய தனிக் காளைகளின் பெயர்கள். இந்த வழியின் பலம் என்னவென்றால் ஸ்பெயினின் காளைப் பதிவேடுகள் நூறு வருடத்துக்கும் மேல் போகின்றன. பெயர் தீராது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் சொல்ல ஒரு கதையும் இருக்கும். விதியை மீறிய பெயரும் ஒன்று உண்டு: கவுன்டாக். 1971 கண்காட்சிக்காக இரவு பகலாக வேலை நடந்தபோது, இத்தாலியின் பியட்மான்ட் பக்கத்துத் தொழிலாளி ஒருவர் அடிக்கடி உதிர்த்த வியப்புச் சொல் அது என்று வடிவமைப்பாளர் மார்செல்லோ கந்தினி சொல்லியிருக்கிறார். முறை தெரிந்தவர்கள் வேண்டுமென்றே ஒரு தடவை மீறினால் அது நிற்கும்.

எழுத்தைப் பிடித்துக்கொள்பவர்களும் உண்டு. லோட்டஸ் தன் கார்களுக்கு E என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பெயர்களையே விடாமல் வைக்கிறது: எலீட், எலான், எஸ்பிரி, எக்ஸீஜ், எவோரா, எமிரா. 1990-களில் நிறுவனத்தை நடத்திய ரொமானோ அர்த்தியோலியின் பேத்தி எலிசாவின் பெயரில் வந்ததுதான் எலீஸ். குடும்பப் பாசமும் எழுத்து விதியும் ஒன்றாகக் கூடிவந்த பெயர். ஆஸ்டன் மார்ட்டினில் டிபி என்பது உரிமையாளர் டேவிட் பிரவுனின் முதலெழுத்துகள். மறுபக்கம் வான்டேஜ், வான்குவிஷ், வல்கிரி என்று ‘வி’ வரிசை. டிபி7-க்கு அடுத்து டிபி9 வந்தது. 8 என்று வைத்தால் எட்டு சிலிண்டர் எஞ்சின் என்று நினைத்துவிடுவார்கள். காரில் இருந்ததோ வி12.

ஆள் பெயர் வைப்பதில் ஓராசியோ பகானி நடந்துகொண்ட விதம் எனக்குப் பிடிக்கும். அவருடைய முதல் காருக்கு அர்ஜென்டினாவின் பந்தய வீரர் ஃபாங்கியோவின் பெயர் வைப்பதாக இருந்தது. 1995-இல் ஃபாங்கியோ இறந்துபோனார். மரியாதை கருதி அந்தப் பெயரை விட்டுவிட்டு, ஆண்டீஸ் மலையிலிருந்து வீசும் சோண்டா காற்றின் பெயரை வைத்தார். இன்று சோண்டா என்றாலே அந்தக் கார்தான்.

நிறைய நல்ல பெயர்கள் விழுவது சட்டத்தில்தான். ஃபோர்ட் ஜிடி40-இல் 40 என்பது காரின் உயரம், அங்குலத்தில். 2000-களில் அந்தக் காரின் சாயலில் புதிதாகச் செய்தபோது, ஜிடி40 என்ற பெயரின் உரிமை உதிரிபாகம் செய்யும் ஒரு சிறு நிறுவனத்திடம் போயிருந்தது. பேரம் படியவில்லை, கார் வெறும் ஃபோர்ட் ஜிடி ஆனது. புதிய காரின் உயரம் 44 அங்குலத்தைத் தாண்டும் என்பதால் எண் பொருந்தியும் இருக்காது. ஃபோர்டின் இன்னொரு கார் மஸ்டாங். ஜெர்மனியில் அந்தப் பெயர் க்ரூப் நிறுவனத்திடம் இருந்ததால் 1970-களின் கடைசி வரை அங்கே அந்தக் கார் டி-5 என்றே விற்றது. பெராரி தன் 2011 ஃபார்முலா ஒன் காருக்கு எஃப்150 என்று வைத்தபோது, அதே பெயரில் பிக்கப் விற்கும் ஃபோர்ட் வழக்குப் போட்டது. பெயரை மாற்றவேண்டி வந்தது.

பெயரை வாங்கி வைத்துவிட்டுச் சும்மா இருந்தாலும் ஆபத்து. பெராரியின் டெஸ்டரோசா வரிசை 1996-இல் நின்றுபோனது. நீண்ட காலம் பயன்படுத்தவில்லை, ஆகவே பதிவை நீக்க வேண்டும் என்று ஜெர்மனியின் ஒரு பொம்மை நிறுவனம் கேட்டது. 2017-இல் டியூசல்டார்ஃப் நீதிமன்றம் பெராரிக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. 2020-இல் ஐரோப்பிய நீதிமன்றம், அந்தக் காருக்கு அசல் உதிரிபாகம் விற்பதும் பயன்பாடாகவே கணக்காகலாம் என்றது. 2025 ஜூலையில் இன்னொரு தீர்ப்பும் பெராரிக்குச் சாதகமாக வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் 849 டெஸ்டரோசா என்று புதுக் காரையே இறக்கிவிட்டார்கள். பழைய பெயர்கள் திரும்பத் திரும்ப வருவதற்குப் பாசம் மட்டும் காரணமில்லை.

காது விஷயம் சுருக்கம். டொயோட்டா எம்ஆர்2-வைப் பிரெஞ்சில் வேகமாகச் சொன்னால் ஒரு கெட்ட வார்த்தை போலக் கேட்கும், ஆகவே பிரான்சில் 2-ஐ எடுத்துவிட்டு எம்ஆர் என்று விற்றார்கள். ஆடியின் இ-ட்ரானும் அதே மொழியில் மலத்தைக் குறிக்கும் சொல்லோடு மோதுகிறது, ஆனாலும் ஆடி பெயரை மாற்றவில்லை. செவ்ரோலே நோவா ஸ்பானிஷ் நாடுகளில் ‘ஓடாது’ என்று பொருள்பட்டதால் விற்கவில்லை என்று ஒரு கதை சுற்றுகிறது. அது பொய், அந்தக் கார் அங்கேயும் விற்றது. நம் நாட்டில் டாடாவின் ஜிகா, 2016-இல் ஜிகா வைரஸ் பரவியதால் வெளியீட்டுக்கு முன் டியாகோ ஆனது. எந்தப் பட்டியலிலும் முன்கூட்டியே பார்த்திருக்க முடியாத இடர் அது.

இனி உங்கள் கார். முதல் வேலை, இரண்டாவது காருக்கு என்ன பெயர் வைப்பீர்கள் என்று யோசியுங்கள். முதல் காருக்கு அழகான பெயரும் இரண்டாவதற்கு ஒட்டாத பெயரும் வந்தால் குடும்பம் உருவாகாது. கோவைக்கே இதில் பழைய பழக்கம் உண்டு. இங்கே பந்தயக் கார் கட்டிய கரிவர்தனின் ஃபார்முலா மாருதி, எஞ்சின் எங்கிருந்து வந்ததோ அதன் பெயர். அதன் பின் வந்த ஃபார்முலா எல்ஜிபி ஸ்விஃப்ட்டில் ஆதரிக்கும் நிறுவனமும் எஞ்சின் வந்த காரும் சேர்ந்தன. பந்தய வகுப்புக்கு அது சரியான முறை, ஓட்டுபவருக்கு என்ன கார் என்று உடனே தெரியும். விற்கும் காருக்கு அது ஆகாது. மாருதி, ஸ்விஃப்ட் என்பவை இன்னொருவர் பெயர்கள், அனுமதி இல்லாமல் பேட்ஜில் ஏற்ற முடியாது. எஞ்சினை மாற்றினால் பெயரும் செத்துப்போகும். நம் ஊர் ஜெயம் நிறுவனமும் டாடாவும் சேர்ந்து 2018-இல் கொண்டுவந்த டியாகோ ஜேடிபி இன்னொரு வழி: ஏற்கனவே பதிவான பெயருக்குப் பின்னால் மூன்று எழுத்து. செலவு குறைவு, ஆனால் அடிப்படைப் பெயர் உங்களுடையதாக இருக்க வேண்டும். உங்கள் நிலையில் ஒரு சிறு வேர்ப்பெயரும் பின்னால் அளவு எதையும் குறிக்காத எண்ணும் வைப்பதுதான் பாதுகாப்பு.

மயிலை, காரி, செவலை, பிள்ளை என்று காங்கேயம் மாட்டு நிறங்களை ஒரு வரிசையாக வைத்துப் பாருங்கள். காருக்கும் பொருந்தும், நான்கு மாடல் வரை தாங்கும். நொய்யல், சிறுவாணி போன்ற ஊர், ஆற்றுப் பெயர்களில் ஆசை வரும். விற்கும் சரக்கு எந்த ஊரிலிருந்து வருகிறது என்று மட்டும் சொல்லும் பெயருக்கு வணிகச் சின்னச் சட்டம் பிரிவு 9-இன் கீழ் ஆட்சேபம் எழலாம், ஆகவே தனியாக அதை நம்பிப் போகாதீர்கள். ‘டர்போ’, ‘ஸ்பீட்’ போன்ற விவரிக்கும் சொற்களுக்கும் அதே கதிதான். ஆள் பெயர் என்றால், உயிரோடு இருப்பவர் அல்லது விண்ணப்பத்துக்கு முந்தைய 20 ஆண்டுக்குள் இறந்தவர் பெயருக்குப் பிரிவு 14-இன்படி எழுத்து மூலமான சம்மதம் கேட்கப்படலாம். அதற்கு முன் இறந்தவர் என்றாலும் குடும்பத்தாரிடம் கேட்டுக்கொள்வதுதான் முறை.

பத்துப் பெயராகச் சுருக்கியபின், வணிகச் சின்னங்களைப் பதியும் அரசு அலுவலகத்தின் ஐபி இந்தியா தளத்தில் பொதுத் தேடலுக்குப் போங்கள், இலவசம். சரக்கையும் சேவையையும் எண்ணிட்ட வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள், வாகனங்களுக்கு வகுப்பு 12. ‘இப்படித் தொடங்கும்’, ‘இதைக் கொண்டிருக்கும்’ என்ற இரண்டு தேடலோடு நிறுத்தாமல் ஒலிவழித் தேடலையும் செய்யுங்கள். எழுத்து வேறாக இருந்தாலும் ஒலி ஒன்றானால் ஆட்சேபம் வரும், பெரும்பாலோர் கோட்டைவிடுவது அங்கேதான். டி-ஷர்ட் விற்பீர்கள் என்றால் வகுப்பு 25, பட்டறைச் சேவைக்கு 37. வகுப்பு வேறு என்பதால் தப்பிவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். மகிந்திராவின் பிஇ 6இ காருக்கு 2024-இல் இண்டிகோ விமான நிறுவனம் தன் விமானங்களின் 6இ குறியீட்டைக் காட்டி டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. காருக்கும் விமானத்துக்கும் வகுப்பு வேறு, ஆனாலும் மகிந்திரா வெளியீட்டைக் காக்கப் பெயரை பிஇ 6 என்று மாற்றிக்கொண்டது.

விண்ணப்பம் டிஎம்-ஏ படிவம். இணையவழியில் ஒரு வகுப்புக்குத் தனிநபர், ஸ்டார்ட்அப், சிறுதொழிலுக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. சிறுதொழில் கட்டணத்துக்கு உத்யம் (சிறுதொழில் பதிவு) சான்று வேண்டும். நம் மாவட்டங்கள் சென்னை வணிகச் சின்னப் பதிவகத்தின் கீழ் வரும். ஆய்வறிக்கையில் ஆட்சேபம் இருந்தால் 30 நாளில் பதில் கொடுக்க வேண்டும். தேதியைத் தவறவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். வணிகச் சின்ன இதழில் வெளியான பிறகு நான்கு மாதம் யார் வேண்டுமானாலும் எதிர்க்கலாம். பதிவு 10 ஆண்டுக்கு, பிறகு புதுப்பிக்கலாம். ஐந்து ஆண்டுக்கு மேல் பயன்படுத்தாமல் விட்டால் பிறர் நீக்கக் கேட்கலாம், பெராரிக்கு நடந்தது போல.

நான்கு பேர் என்று சொல்லியிருக்கிறீர்கள். விண்ணப்பத்தை ஒருவர் பெயரில் போட்டுவிட்டு வேலையைத் தொடர்ந்தால், ஆறு மாதத்தில் ஒருவர் விலகும்போது பெயரும் அவரோடு போகக்கூடும். முதலில் பங்குதாரர் ஒப்பந்தம் எழுதி, சின்னம் நிறுவனத்துக்குச் சொந்தம் என்று ஒரு வரி சேர்த்து, பிறகு நிறுவனத்தின் பெயரில் விண்ணப்பியுங்கள்.

காதுச் சோதனையைச் செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே பந்தயத் தடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் இரைச்சலுக்கு நடுவே ஒருவர் பெயரைச் சொல்ல, கேட்டவர் தாளில் எழுதட்டும். தமிழிலும் இந்தியிலும் எழுதவையுங்கள். ஐந்து பேர் ஐந்து விதமாக எழுதினால் அந்தப் பெயரை விட்டுவிடுங்கள். தேடுபொறியிலும் உதிரிபாகக் கடை பில்லிலும் அது தொலைந்துபோகும். மூன்று அசைக்கு மேல் போனால் மக்களே சுருக்கிவிடுவார்கள், அந்தச் சுருக்கம் உங்கள் கையில் இருக்காது.

பேட்ஜ் வேலையைக் கடைசிக்கு விடுங்கள். குரோம் பூசிய பிளாஸ்டிக் எழுத்துக்கு அச்சு வெட்டத்தான் பெரிய செலவு. முதல் காருக்கு அலுமினியத் தகட்டில் சிஎன்சி-யில் (கணினி இயக்கும் வெட்டு இயந்திரம்) வெட்டிக்கொண்டால் போதும். எழுத்தின் குச்சிகள் மிக மெல்லியதாக இருந்தால் வெட்டும்போதே வளையும். பின் பேனல் வளைந்திருந்தால் நீளப் பெயரின் இரு முனையும் தூக்கிக்கொள்ளும், இருபக்க டேப் வெயிலில் விடும். ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக, காகித மாதிரியில் இடைவெளி குறித்து ஒட்டுங்கள். பதிவுக்குக் காத்திராமல் பெயருக்குப் பக்கத்தில் டி.எம். குறி போடலாம். வட்டத்துக்குள் ஆர் எழுத்து மட்டும் பதிவுச் சான்றிதழ் வந்த பிறகுதான். அதற்கு முன் போடுவது பிரிவு 107-இன்படி குற்றம்.